வாசகர் கேள்வி – பதில்: கவுன்சில் வீடுகளில் மின் பராமரிப்பு

இங்கிலாந்தில் கவுன்சில்களும் ஹவுசிங் அசோசியேஷன்களும் வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் மின் பழுது பார்க்கும் வேலை குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன். இந்த வேலைக்கு வர விரும்புபவர்களும் எழுதியிருக்கிறார்கள், அந்த வீடுகளில் குடியிருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். கருவிப் பெட்டியோடு கதவைத் தட்டுபவரின் சிரமம் திறப்பவருக்கும், திறப்பவரின் சிரமம் தட்டுபவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை என்பதால், இரு தரப்புக் கேள்விகளையும் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்திருக்கிறேன்.

ஊரில் எட்டு ஆண்டுகளும் வளைகுடா நாட்டில் ஐந்து ஆண்டுகளும் எலக்ட்ரீஷியனாக வேலை செய்தவன் நான். இங்கு கவுன்சில் வீடுகளின் பராமரிப்பு வேலையில் சேர என்ன செய்ய வேண்டும்? (ஒரு வாசகர், குராய்டன்)

ஐயா, தங்கள் கைத்திறன் வீண்போகாது, ஆனால் அதை இங்கே தாளில் நிரூபித்தாக வேண்டும். முழுத் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன் என்று ஏற்றுக்கொள்ள என்.வி.கியூ. எனப்படும் தொழில்திறன் தகுதியின் மூன்றாம் நிலைச் சான்றிதழும், ஏ.எம்.2 எனப்படும் செய்முறைத் தேர்வும், பி.எஸ். 7671 என்ற வயரிங் விதிமுறைகளின் 18ஆம் பதிப்பில் தேர்ச்சியும் கேட்பார்கள். இவை கைக்கு வந்தபின் எலக்ட்ரீஷியனின் தகுதியைக் காட்டும் இ.சி.எஸ். தங்க அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். முறையான பயிற்சியின்றித் தொழிலிலேயே பழகி வந்தவர்களுக்கு, குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கும் அனுபவப் பணியாளர் மதிப்பீடு என்ற தனி வழியும் உண்டு.

நான் தங்கள் இடத்தில் இருந்தால், நாள்கணக்கில் முடிந்துவிடும் 18ஆம் பதிப்புப் படிப்பை முதலில் முடித்துவிட்டு, தகுதி பெற்ற ஒருவரின் கீழ் உதவியாளராகச் சேர்ந்து, செய்யும் ஒவ்வொரு வேலையையும் படமெடுத்து, தேதியிட்டு, சோதனை அளவுகளோடு சேர்த்து வைப்பேன். மதிப்பீட்டுக்கு வருபவர் கேட்பது அந்தச் சான்றுகளைத்தான். சில வாரங்களில் முழு எலக்ட்ரீஷியன் ஆக்கிவிடுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சான்றிதழை நீட்டினால் பராமரிப்பு மேலாளர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

பராமரிப்பு வேலைக்கென்று வேறு சில தேவைகளும் உள்ளன. வேன் ஓட்டுவதால் ஓட்டுநர் உரிமம் வேண்டும். முதியவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீடுகளுக்குள் போவதால் டி.பி.எஸ். என்னும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு இருக்கும். மின் சோதனைக்கான 2391 படிப்பு இருந்தால் தங்கள் விண்ணப்பம் மேலே வரும். ஆஸ்பெஸ்டாஸ் குறித்த விழிப்புணர்வுப் பயிற்சியும் கட்டாயம். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1999இல்தான். அதற்கு முன் கட்டிய வீட்டின் கூரைப் பூச்சிலும், பழைய பியூஸ் பெட்டிக்குள் தீப்பொறி தடுக்க வைத்த தகட்டிலும் கூட அது இருக்கக்கூடும். ஆகவே டிரில்லை எடுப்பதற்கு முன் அந்த வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் பதிவேட்டைப் பார்த்துவிடுவது இங்குள்ள வழக்கம்.

புதுக் கட்டடங்களில் வயரிங் செய்யும் என் தம்பி, பராமரிப்பு என்பது பல்பும் சாக்கெட்டும் மாற்றுகிற எளிய வேலைதானே என்கிறான். உண்மையா? (ஒரு வாசகி, லெஸ்டர்)

தங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பல நாட்களில் சாக்கெட்தான் மாற்றுவோம். ஆனால் புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் அதை இழுத்தவரே அவர்தான். ஐம்பது ஆண்டு பழைய கவுன்சில் வீட்டில் நான்கைந்து பேரின் கைவேலை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதில் ஒருவர் எலக்ட்ரீஷியனாகவே இருந்திருக்க மாட்டார்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். உள்ளே படிக்கட்டு உள்ள ஒரு வீட்டில், மேல்மாடிப் படுக்கையறையின் கூரையில் விளக்கு தொங்கும் ரோஸ் சூட்டில் கருகியிருந்தது. அதை மாற்ற வேண்டும். மேல்மாடி விளக்குகளுக்கான பிரேக்கரை இறக்கி, பூட்டு மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். டெஸ்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சரிபார்ப்புக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, லைவுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே என மூன்று முறை சோதித்தேன். மூன்றிலும் மின்சாரம் இல்லை. டெஸ்டரை மறுபடியும் கருவியில் வைத்துச் சரிபார்த்தேன். புத்தகம் சொல்வது இதைத்தான். இத்தோடு பலர் நிறுத்தியும் விடுவார்கள்.

நியூட்ரல் வயர்களின் திருகைத் தளர்த்திப் பிரித்தேன். அந்த நொடியே கீழேயிருந்து, “படிக்கட்டு விளக்கு அணைந்துவிட்டதே!” என்று அந்த அம்மா குரல் கொடுத்தார். நான் தொட்டது மேல்மாடி. அணைந்தது கீழ்மாடிப் பிரேக்கரில் இருந்த விளக்கு. பிரித்த வயர் ஒன்றில் டெஸ்டரை வைத்தால் 230 வோல்ட் காட்டியது. இரண்டு சுவிட்சில் இயங்கும் அந்தப் படிக்கட்டு விளக்குக்கு எப்போதோ ஒருவர் லைவைக் கீழ்மாடியிலிருந்து எடுத்துவிட்டு, நியூட்ரலை மட்டும் கைக்கு எட்டிய மேல்மாடி வயரில் சேர்த்திருந்தார். தொழிலில் இதைக் கடன் வாங்கிய நியூட்ரல் என்போம். வயர்கள் சேர்ந்திருக்கும் வரை அந்த மூன்று சோதனைகளில் எதிலும் அது அகப்படாது. பிரித்தவுடன், எரிந்துகொண்டிருக்கும் பல்பின் வழியாக வரும் மின்சாரம் அந்த நியூட்ரல் முனையில் வந்து நிற்கும். அதே நேரத்தில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருப்பவர் ஏணியிலிருந்து விழுவதற்கு அவ்வளவே போதும்.

ஆகவே தம்பியிடம் இரண்டைச் சொல்லுங்கள். வயரைப் பிரித்த பிறகும் ஒரு முறை சோதிக்க வேண்டும்; சிறிதளவு ஐயம் இருந்தாலும் ஒற்றைப் பிரேக்கரை நம்பாமல் மெயின் சுவிட்சையே இறக்கிவிட வேண்டும். பெட்டியின் உள்கதவில் யாரோ பேனாவால் எழுதி ஒட்டிய “மேல்மாடி விளக்கு” என்ற சீட்டை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம், சாட்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது. இதே கடன் நியூட்ரல்தான், பழைய பியூஸ் பெட்டியை எடுத்துவிட்டு ஆர்.சி.டி. எனப்படும், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் இரண்டு கொண்ட புதுப் பெட்டியைப் பொருத்திய மறுநாள், படிக்கட்டு விளக்கைப் போட்டாலே வீட்டு மின்சாரம் போகிறது என்ற புகாராகத் திரும்பி வரும். அப்போது குடியிருப்பவர் புதுப் பெட்டியைத்தான் குறை சொல்வார். பழுது முப்பது ஆண்டுக்கு முந்தையது.

எங்கள் கவுன்சில் ஃபிளாட்டில் வாரத்துக்கு இரண்டு முறை திடீரென மின்சாரம் போய்விடுகிறது. மூன்று முறை ஆள் வந்து பார்த்துவிட்டு, பழுது எதுவும் இல்லை, உங்கள் கெட்டிலை மாற்றுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்கள். கெட்டிலையும் மாற்றிவிட்டோம். என்ன செய்வது? (ஒரு வாசகி, கிழக்கு லண்டன்)

கெட்டில் மீது பழி விழுவது எனக்கு வியப்பளிக்கவில்லை, அம்மா. ஆர்.சி.டி. என்பது லைவ் வயரில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் சாதனம். வீடுகளில் பொதுவாக உள்ள வகையில் 30 மில்லியாம்பியர் வேறுபாடு வருவதற்குள் அது மின்சாரத்தைத் துண்டித்து விழுந்துவிட வேண்டும். வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்பது அதற்குத் தெரியாது. தண்ணீர் கொதிக்கும்போது விழுந்ததென்றால் கெட்டில்தான் காரணம் என்று முடிவு கட்டுவது எளிது.

நியூட்ரல் வயர் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் அதிக மின்சாரம் ஓடாதவரை ஒன்றும் நடக்காது. மூன்று கிலோவாட் கெட்டிலையோ துணி துவைக்கும் இயந்திரத்தையோ போட்டவுடன், திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வழியாகப் பிரிந்து போகும், ஆர்.சி.டி. விழும். கெட்டிலில் குற்றமில்லை, அது வேறெங்கோ இருக்கும் பழுதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவே. இதில் இன்னொரு சிக்கல் என்னவென்றால், சாதாரணப் பிரேக்கரும் சுவிட்சும் லைவை மட்டுமே துண்டிப்பதால், பழுதுள்ள சர்க்யூட்டை அணைத்து வைத்தாலும் நியூட்ரல் பழுது அப்படியே இணைந்திருக்கும்.

முதியவர் ஒருவர் வீட்டில் இதே கதையைத் தீர்த்தது என் கருவி அன்று, அவருடைய நாட்காட்டிதான். மின்சாரம் போன ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும், அப்போது எது ஓடியது என்பதையும் கிழித்த தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் குறித்து, குளிர்சாதனப் பெட்டியின்மேல் காந்தத்தால் செருகி வைத்திருந்தார். எனக்கு முன் வந்தவர்களிடம் அவர் அதைக் காட்டியிருக்கிறார். பார்க்க நேரமில்லை என்றார்களாம். வரிசையாகப் படித்தபோது எல்லாமே மழை பெய்த நாட்கள் அல்லது அதற்கு மறுநாள் காலை என்று தெரிந்தது. நேரே பின்சுவரில் இருந்த வெளிவிளக்கைக் கழற்றினேன். உள்ளே ஒரு தேக்கரண்டி அளவுக்குத் தண்ணீர், பச்சை பூத்த நியூட்ரல் இணைப்பு. அந்த விளக்கை இரண்டு ஆண்டுகளாக அவர் போட்டதே இல்லை என்பதால் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

தாங்களும் அப்படி ஒரு குறிப்பு எழுதத் தொடங்குங்கள். அடுத்த முறை மின்சாரம் போனால், எல்லாப் பிளக்குகளையும் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு (சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது) ஆர்.சி.டி.யைத் தூக்கிப் பாருங்கள். அப்போது அது விழாமல் நின்றால், ஒவ்வொன்றாகச் செருகுங்கள்; நிற்கவில்லை என்றால் பழுது வயரிங்கிலோ, நிரந்தரமாக இணைத்த அடுப்பு, ஹீட்டர் போன்றவற்றிலோ இருக்கிறது, அது வீட்டுக்காரரான கவுன்சிலின் பொறுப்பு. கவுன்சிலுக்கு எழுதும்போது, ஒவ்வொரு சர்க்யூட்டிலும் நியூட்ரலையும் பிரித்து, 500 வோல்ட்டில் இன்சுலேஷன் (வயர் உறையின் காப்பு) சோதனை செய்து, அளவுகளை எழுத்தில் தரும்படி கேளுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அது தேறாது. அந்தச் சோதனைக்கு நேரம் எடுக்கும் என்பதால்தான், இருபது நிமிடத்தில் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவர் கெட்டிலைக் கை காட்டிவிட்டுப் போகிறார்.

எங்கள் வீட்டில் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தபோது சிவப்பு, கறுப்பு வயர்கள் இருந்தன. பக்கத்து வீட்டில் பழுப்பும் நீலமும். எங்களுடையது ஆபத்தான வயரிங்கா? (ஒரு வாசகர், மில்டன் கீன்ஸ்)

நிறம் பழையது என்பதாலேயே ஆபத்தில்லை. புதிய நிறங்கள் 2004இல் அறிமுகமாகி, 2006 ஏப்ரல் முதல் புது வேலைகளுக்குக் கட்டாயமாயின. அதற்கு முந்தைய பி.வி.சி. வயர் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே தொடரலாம். எலக்ட்ரீஷியனுக்குத்தான் இதில் கவனம் வேண்டும்: பழைய முறையில் கறுப்பு நியூட்ரல், புதிய மும்முனை வயரிங்கில் அதே கறுப்பு லைவ், போதாக்குறைக்கு, சுவிட்சுக்கு இறங்கும் பழைய வயரில் அந்தக் கறுப்பும் சுவிட்சைப் போட்டால் லைவ் ஆகிவிடும்.

கவலைப்பட வேண்டியவை வேறு. ரப்பர் உறை போட்ட மிகப் பழைய வயர் இன்னும் எங்காவது இருந்தால், விளக்கின் சூடு பட்ட முனையில் அதைத் தொட்டாலே உறை பொடியாக உதிரும்; உடனே மாற்ற வேண்டும். 1966இல் விதி மாறும் வரை விளக்குச் சர்க்யூட்டுகளுக்கு எர்த் வயர் இழுக்காமல் விட்ட வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் பளபளப்பான உலோகச் சுவிட்சையோ பித்தளைச் சரவிளக்கையோ வாங்கித் தாங்களே மாட்டிவிடாதீர்கள். பிளாஸ்டிக் சுவிட்சும், இரட்டைச் சதுரக் குறி போட்ட விளக்கும் மட்டுமே அங்கு பொருந்தும். மற்றபடி, சுவிட்சைத் தாங்களே கழற்றிப் பார்ப்பதை இத்துடன் நிறுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மின்சாரம் போய்விட்டால் கவுன்சில் எத்தனை நாளில் வர வேண்டும்? வீட்டு வயரிங்கை அவர்கள் தாமாகச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் உண்டா? (ஒரு வாசகர், பர்மிங்ஹாம்)

உண்டு. கவுன்சிலின் நிரந்தர வாடகையாளர்களுக்கான 1994ஆம் ஆண்டுப் பழுதுபார்ப்பு விதிகளின்படி, மின்சாரம் முழுமையாகப் போனாலும் சாக்கெட் அல்லது விளக்கு இணைப்பு ஆபத்தான நிலையில் இருந்தாலும் ஒரு வேலை நாள், பகுதியாக மட்டும் போனால் மூன்று வேலை நாட்கள். 2025 அக்டோபர் 27 முதல் நடப்பில் உள்ள அவாப் சட்டத்தின்படி, கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் போன்ற சமூக வீட்டு உரிமையாளர் எவராயினும் அவசர ஆபத்து ஒன்று தெரிவிக்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து, ஆபத்தை நீக்கியாக வேண்டும். கருகிய வாடை, சாக்கெட்டில் பொறி, வெளியே தெரியும் வயர் போன்றவற்றைத் தெரிவிக்கும்போது, “சாக்கெட் வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொன்னால் தொலைபேசி எடுப்பவர் அதைச் சாதாரணப் பழுது என்றே பதிந்துவிடுவார். கண்டதையும் முகர்ந்ததையும் அப்படியே சொல்லுங்கள்.

சோதனையைப் பொறுத்தவரை, தனியார் வாடகை வீடுகளுக்கு 2020 முதல் இருந்த விதி இப்போது சமூக வீடுகளுக்கும் விரிந்துள்ளது: புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கு 2025 நவம்பர் 1 முதலும், ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு 2026 மே 1 முதலும். குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் சோதித்து, அறிக்கையின் நகலை 28 நாட்களுக்குள் தங்களுக்குத் தர வேண்டும். இ.ஐ.சி.ஆர். எனப்படும் அந்த அறிக்கையில் சி1 என்றால் இப்போதே ஆபத்து, சி2 என்றால் ஆபத்தாகக்கூடியது, எஃப்.ஐ. என்றால் மேலும் ஆராய வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அறிக்கை தேறாது. சி3 என்பது மேம்படுத்தினால் நல்லது என்ற பரிந்துரை மட்டுமே. சோதிக்க வருபவருக்காக ஒரு நாள் வீட்டில் இருங்கள். கதவு திறக்காத வீடுகளால்தான் இந்த வேலை பல இடங்களில் முடங்குகிறது.

தாளிக்கும்போதெல்லாம் புகை அலாரம் அலறுகிறது. மாமியார் அதன்மேல் குளியல் தொப்பியை மாட்டி வைத்திருக்கிறார். எலக்ட்ரீஷியன் பார்த்தால் திட்டுவாரா? (ஒரு வாசகி, ஹாரோ)

திட்டக் கூடாது, அலாரம் தவறான இடத்தில் இருக்கிறது என்றுதான் அவர் புரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் அந்தத் தொப்பியை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சமையலறைக்குள் இருக்க வேண்டியது புகையை அறியும் அலாரம் அன்று, வெப்பத்தை அறியும் அலாரம். கடுகு வெடிப்பதற்கெல்லாம் அது அசையாது. 2022 அக்டோபர் 1 முதல் சமூக வீடுகளிலும், குடியிருக்கும் அறை உள்ள ஒவ்வொரு தளத்திலும் ஒரு புகை அலாரமாவது இருக்க வேண்டும். பழுதைத் தெரிவித்தால் சரிசெய்தும் தர வேண்டும். இடத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், அதுவரை தொப்பியைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இரவு அழைப்புப் பணி கடினமா? (ஒரு பயிற்சி மாணவர், லூட்டன்)

குளிரும் தூக்கக் கலக்கமும் பழகிவிடும், தம்பி. பழக நாளாவது ஒரு கேள்வியைக் கேட்கும் விதம். முழு வீடும் இருட்டு என்ற அழைப்புகளில் கணிசமானவை, முன்பணம் செலுத்தும் மீட்டரில் காசு தீர்ந்ததால் வருபவை. “மீட்டரில் பணம் இருக்கிறதா?” என்று பிள்ளைகள் முன்னால் கேட்டால் அந்தத் தாயின் முகம் மாறிவிடும். “மீட்டரின் திரையில் என்ன எண் தெரிகிறது, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். விடை அதே, அவமானம் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளும் இருட்டாக இருந்தால் 105 என்ற இலவச எண்ணைச் சொல்லுங்கள், அது மின் வலையமைப்பு நிறுவனத்தின் வேலை. மீட்டரும் அதற்கு முன்னுள்ள மெயின் பியூஸும் நம்முடையவை அல்ல. அவற்றின் முத்திரைக் கம்பியை எந்த நள்ளிரவிலும் வெட்டாதீர்கள்.

பழுது பார்க்கப் போன வீட்டில், தொலைக்காட்சிக்கு ஒரு சாக்கெட் கூடுதலாகப் போட்டுத் தரச் சொல்லி இருபது பவுண்டு நீட்டுகிறார்கள். செய்யலாமா? (ஒரு வாசகர், குராய்டன்)

வேண்டாம். அந்த நீட்டிப்புக்குச் சோதனையும் சான்றிதழும் யார் பெயரில் எழுதுவீர்கள்? எழுதாமல் விட்டால், ஐந்து ஆண்டு கழித்து அதைத் திறந்து பார்க்கும் ஒருவருக்கு இன்னொரு கடன் நியூட்ரலை விட்டுச்செல்கிறீர்கள். பணத்தை மறுத்துவிட்டு, கூடுதல் சாக்கெட்டுக்கு வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்கும் வழியைச் சொல்லுங்கள். அந்த அறையில் நான்கு பிளக் கொண்ட எக்ஸ்டென்ஷன் ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தால், அதைத் தங்கள் வேலைத்தாளில் ஒரு வரி எழுதி வையுங்கள். சில இடங்களில் அந்த ஒரு வரியை வைத்தே அடுத்த மாதம் சாக்கெட் வந்துவிடும்.